நாங்கள் ஓடக் காணாத கார்

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி அவர்களுக்கு,

இந்தக் காரின் கடதாசிக் கோவையைத் திறந்த நீங்கள், நடுவே தமிழில் எழுதப்பட்ட இப்பக்கங்களைக் கண்டு வியந்திருக்கக் கூடும். தமிழ் வாசிக்கத் தெரியாதவராயின், ஸ்காபரோவில் எந்தத் தமிழ்க் கடைக்குள் நுழைந்தாலும் வாசித்துப் பொருள் சொல்ல ஒருவர் அகப்படுவார். நான் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனவன் அல்லன். எழுத்து நடை என்று என்னிடம் இருப்பது, விமான நிலையச் சாரதிகளின் வரிசையில் காத்துக் கிடந்த மணித்தியாலங்களில் பழைய பத்திரிகைகளும் ஓர் அகராதியும் சொல்லிக்கொடுத்தது. பிழை காணின் பொறுத்தருள்க.

நான் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து இந்நகருக்கு வந்தவன். முதற் குளிர்காலத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். வேலை முடிந்து பேருந்துக்காக நின்ற ஒரு பிற்பகலில், வீதியோரம் கரைந்த பனி சேறாகிக் கிடந்தது. கடந்து போன ஒவ்வொரு வாகனமும் அதை அள்ளி எங்கள் மேல் எறிந்துவிட்டுப் போனது. அப்பொழுது நீண்ட அமெரிக்கக் கார் ஒன்று வந்தது. எங்களைக் கண்டதும் அது வேகத்தைக் குறைத்து, நடைபோவது போல மெல்ல நகர்ந்து, ஒரு துளியும் தெறிக்காமல் கடந்தது. ஓட்டியவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. காரைத்தான் பார்த்தேன். அன்றிலிருந்து அந்த வகைக் கார்கள் மேல் எனக்கு உண்டான பற்று இன்று வரை குறையவில்லை.

பின்னர் ரெக்ஸ்டேலில் குடியிருந்து, விமான நிலையத்தில் லிமோசின் சாரதியாக இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தேன். நான் ஓட்டியவையும் நீண்ட அமெரிக்கக் கார்களே. ஆனால் ஒன்றும் எனதல்ல. சாரதி பின் இருக்கையில் அமரக் கூடாது என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. அந்த இருக்கையைத் துடைக்கும்போது முழங்காலில் நின்றே துடைப்பேன். ஓய்வு பெற்று ரூஜ் பகுதியில் மகனுடைய வீட்டுக்கு வந்த பிறகு, எனக்கு ஒரே ஓர் ஆசை மிஞ்சியிருந்தது. எழுபதுகளில் செய்த அத்தகைய கார் ஒன்று எனது பெயரில் இருக்க வேண்டும். அதில் கூலிக்கன்றி, என் மனைவியை ஏற்றி நான் ஓட வேண்டும்.

நிற்க. வெயில் காலத்து வியாழன் மாலைகளில், ஸ்காபரோவில் ஒரு கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் பழைய கார் வைத்திருப்போர் கூடுவதுண்டு. கார் இல்லாத என்னையும் அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்ற தொழிற்சாலைத் தொழிலாளர், கரிபியன் தீவிலிருந்து வந்து பேருந்து ஓட்டி முடித்த பெரியவர், பல் வைத்தியர் ஒருவர், எல்லாருக்கும் அங்கே ஒரே மரியாதை. பொனற், அதாவது என்ஜினின் மூடி, திறந்திருந்தால் பேச வரலாம் என்று பொருள். மூடியிருந்தால் தள்ளி நின்று பார்க்க வேண்டும். பிறர் காரில் விரல் வைப்பது பெருங்குற்றம். இவர்கள் வேகத்தை விரும்புகிறவர்கள் அல்லர். இருபது அடி நீளமான இரும்பு, தண்ணீரில் போவது போலச் சத்தமில்லாமல் போவதுதான் இவர்களுக்கு அதிசயம். கதவு சாத்தும் ஓசையைக் கேட்பதற்காகவே ஒரு கதவைப் பத்துத் தடவை திறந்து சாத்தியவர்களை நான் கண்டிருக்கிறேன். சிரிக்கத் தோன்றலாம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

என்னை அங்கே அழைத்துப் போனவர் குஷன் வேலை செய்யும் ஒரு முஸ்லிம் தம்பி. காத்தான்குடியில் பிறந்தவர். பழைய கார்களின் இருக்கைகளைப் பிரித்துத் தைப்பதில் அவருக்கு இணையாக இந்நகரில் நான் ஒருவரையும் காணவில்லை. அவருக்கு நான் அண்ணன். எனக்கு அவர் தம்பி. கார் இல்லாதவனுக்கு இவ்வளவு கார்ப் பைத்தியமா என்று என்னைக் கேலி செய்வது அவருடைய பொழுதுபோக்கு.

இப்பொழுது உங்களிடம் இருக்கும் இந்தப் போத்தல் பச்சைக் காரை நான் முதலில் கண்டது அங்கேதான். தயாரித்தவர் பெயரைப் பொனற்றின் மேல் நிற்கும் சின்னமே உங்களுக்குச் சொல்லியிருக்கும். முன் விளக்குகளை மூடியிருக்கும் தகடுகள், என்ஜின் உயிர்பெற்றதும் ஒன்று முந்தி ஒன்று பிந்தி மெல்ல மேலெழும் என்று கேள்விப்பட்டிருந்தேன். காரின் பக்கத்தில் ஆறடி உயரமான வெள்ளைக்கார முதியவர் நிற்பார். மின்தூக்கி திருத்தும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாக விடை சொல்வார். எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த ஆணி எவ்வளவு இறுக வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். காரின் பின்னால் மடிப்புக் கதிரையில் அவருடைய மனைவியார் அமர்ந்திருப்பார். மிகச் சிறிய உருவம். கம்பளி நூல் பின்னிக்கொண்டிருப்பார். நாங்கள் அவருக்கு வணக்கம் சொல்வோம். வெயில் அதிகம் என்போம். அதற்கு மேல் பேச்சில்லை. இப்படி ஏழு கோடைகள்.

எங்களுக்கு முன்பே அவர்கள் வந்துவிடுவார்கள். நாங்கள் எல்லாரும் போன பிறகே புறப்படுவார்கள். எண்ணிப் பார்த்தால், அந்தக் கார் ஓடியதை எங்களில் ஒருவரும் கண்டதில்லை.

எட்டாவது கோடை தொடங்குமுன் முதியவர் இறந்துவிட்டார். ஆடி மாதமளவில், கார் விற்பனைக்கு என்று அந்த அம்மையார் கூட்டத்தாருக்கு அறிவித்தார். பழைய கார்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கே தருவார். வந்து பார்க்க வேண்டும். ஒரே நிபந்தனை, குளிர்காலத்தில் கார் கூரையின் கீழ் நிற்க வேண்டும். பனி உருக வீதியில் தூவும், இரும்பை அரிக்கும் உப்பு அதன் மேல் ஒரு நாளும் பட்டதில்லை. முதலிற் போன இருவர் வெறுங்கையோடு திரும்பினார்கள். காரணம் அவர்களுக்கே விளங்கவில்லை. மூன்றாவதாக நான் வருவதாகச் சொன்னேன்.

போவதற்கு முதல் நாள் மாலை, தம்பியும் நானும் எங்கள் கராஜை அளந்தோம். அங்கிருந்த, மீனும் இறைச்சியும் உறையவைக்கும் ஆழ் உறைகலம், அரிசி மூட்டைகள், பேரப்பிள்ளைகளின் ஹொக்கி மட்டைகள் எல்லாவற்றையும் மனத்தால் அகற்றிவிட்டே அளந்தோம். அப்படியும் காரின் நீளத்துக்கு இடம் ஒன்றரை அடி காணாது.

தம்பி அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தபடி சொன்னார்: "அண்ணன், கார் முழுக்க உள்ளுக்குப் போகும். கதவு மட்டும் சாத்த ஏலா. பின்பக்கம் றோட்டப் பாத்துக்கிட்டு இரிக்கும்."

சமையலறை வாசலில் நின்ற என் மனைவி கேட்டாள்: "வால வெட்டிப் போட்டுக் கொண்டு வாங்களன். இருபத்திரெண்டு வருசம் ஓடினது காணாதா உங்களுக்கு?"

"அது ஆரோ ஒருத்தன்ட கார்" என்றேன்.

"இதுவும் ஆரோ ஒருத்தன்ட கார்தான், இன்னும்."

நான் அளவு நாடாவைச் சுருட்டினேன். ஆனால் மனம் ஒரு வழி கண்டுபிடித்தது. அம்மையார் கேட்டால், "கராஜ் இருக்கிறது" என்று சொல்வது. அது பொய் அல்ல. மிச்சத்தைக் குளிர்காலம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். இதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். ஏனெனில் அன்றிரவு நான் நன்றாகவே தூங்கினேன்.

மறுநாள் சனிக்கிழமை. கில்ட்வூட் பகுதியில் இருந்த அம்மையாருடைய வீட்டுக்குத் தம்பியின் வேனில் போனோம். கார் முற்றத்தில் கழுவி நிறுத்தப்பட்டிருந்தது. நான் வேலைக் காலத்து வெள்ளைச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையும் அணிந்து போயிருந்தேன். வேறு நல்ல உடுப்பு என்று எனக்கு எண்ணத் தெரியவில்லை. அம்மையார் கையில் காரின் திறப்புடன் வெளியே வந்தார். ஓர் ஓட்டம் போய்ப் பார்ப்போம் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அடுத்து நடந்ததை என் கை செய்தது, நான் செய்யவில்லை. வலப்பக்கப் பின் கதவைத் திறந்து, அவருடைய தலை இடிபடாதபடி கதவு நிலையின் மேல் ஒரு கையை வைத்து, சற்றே குனிந்து நின்றேன். எத்தனை ஆயிரம் பேருக்கு அப்படி நின்றிருப்பேனோ தெரியாது. பின்னால் நின்ற தம்பி இருமினார்.

அம்மையார் திறந்த கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நன்றி. நீங்கள் ஏறுங்கள்" என்றார்.

நான் அசையாமல் நின்றேன். அவர் காரைச் சுற்றிப் போய்ச் சாரதியின் கதவைத் திறந்து உள்ளே அமர்ந்தார். இருக்கையை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்தவில்லை, கண்ணாடியைத் திருப்பவில்லை. எல்லாம் அவருடைய அளவிலேயே இருந்தன. முன் இருக்கையில் ஏறப்போன தம்பி, குனிந்து சாரதியின் இருக்கை விளிம்பைப் பார்த்துவிட்டு, தமிழில் மெதுவாக எனக்குச் சொன்னார்.

"அண்ணன், இந்தச் சீற் தேஞ்சிரிக்கிற விதத்தப் பாருங்க. இது ஒரு சின்ன ஆள்ற சீற். அந்த மனிசன் இதில ஒரு நாளும் இரிக்கல்ல."

நான் பின் இருக்கையில் ஏறினேன். விளக்குத் தகடுகள் திறந்தனவா என்று பார்க்கவும் மறந்து போனேன். அம்மையார் பின்புறமாகக் காரை முற்றத்திலிருந்து எடுத்தார். அவ்வளவு நீளக் காரை, இரு பக்கமும் வேலி நெருங்கிய முற்றத்திலிருந்து, ஒரு தடவையும் நிறுத்தித் திருத்தாமல் வீதிக்கு எடுத்தார். கிங்ஸ்ரன் வீதியில் கிழக்கு நோக்கி ஓடத் தொடங்கிய பிறகே பேசினார். அவருடைய கணவருக்கு இளவயதிலிருந்து வலிப்பு நோய். சாரதி அனுமதிப்பத்திரம் கிடைக்கவே இல்லை. காரை இருவரும் சேர்ந்தே தேடி வாங்கினார்கள். திருத்துவது அவர், ஓட்டுவது இவர். அப்படியே நாற்பது ஆண்டுகள். தான் தரிப்பிடத்தில் நிறுத்துவதை ஆண்கள் வட்டமாக நின்று பார்ப்பது அம்மையாருக்குப் பிடிக்காது. ஆகவே முந்தி வந்து பிந்திப் போவார்களாம்.

முதலில் வந்த ஒருவர், கணவரின் காரை விற்பது மனத்துக்குக் கஷ்டமாக இருக்கும் என்று ஆறுதல் சொன்னாராம். மற்றவர், அம்மையாரைப் பக்கத்தில் இருத்தி, இந்தக் கார் எப்படி ஓடும் என்று விளக்கினாராம். இருவருக்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கதவு திறந்து விட்டவன் நான் ஒருவன்தான். அதனால் சிரிப்பு வந்துவிட்டது என்றார்.

"என் கணவர் பொய் சொல்லவில்லை" என்றார். "ஒருவரும் கேட்கவில்லை."

ஏழு கோடைகள். அந்த மடிப்புக் கதிரையைத் தாண்டித்தான் நான் ஒவ்வொரு முறையும் பொனற்றுக்குப் போயிருக்கிறேன். என் முதுகையே பார்த்துக்கொண்டு இருபத்திரண்டு ஆண்டுகள் பயணம் செய்தவர்களில், நான் யார் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். அது எனக்கு மனக்குறையாகவே இருந்தது. அந்தக் குறையை வைத்துக்கொண்டு நானும் அதையே செய்திருக்கிறேன்.

அப்பொழுதுதான் எங்கே அமர்ந்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. இத்தகைய காரின் பின் இருக்கையில் நான் என் வாழ்நாளில் அமர்ந்ததில்லை. வெல்வெற்றுத் துணி என்னை உள்ளே வாங்கிக்கொண்டது. கால் நீட்ட இடம் இருந்தது, நீட்டினேன். பக்கத்து நீள்வட்டக் கண்ணாடியில் ரூஜ் ஆற்றுப் பாலம் மெல்ல வந்து மெல்லப் போயிற்று. முன்னால் ஓட்டுகிறவரின் தலை, இருக்கைக்கு மேல் சற்றே தெரிந்தது. பிறேக் பிடித்த இடம் எது, விட்ட இடம் எது என்று உடம்புக்குத் தெரியவில்லை. அவர் என்னிலும் நல்ல சாரதி. இதை நான் உபசாரத்துக்காக எழுதவில்லை.

ஏரிக்கரைக்குப் போய்த் திரும்பும் வழியில் அவர் கேட்டார்: "பின்னால் எப்படி இருக்கிறது? எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. நாங்கள் இருவரும் முன்னால்தான்."

அருமையாக இருக்கிறது என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். எனக்குக் கார் வேண்டும். ஆனால் அவர் ஒரு சாரதி கேட்கும் கேள்வியைக் கேட்டார். ஆகவே, வலப்பக்கப் பின் சில்லு உருளும்போது ஒரு முனகல் கேட்கிறது, வேகம் நாற்பதுக்கு மேல் போகையில் கூடுகிறது, பெயாரிங் தேய்ந்திருக்கிறது, முன்னால் இருப்பவருக்குக் கேட்காது என்றேன். அவர் வேகத்தைக் குறைத்தார். கடைசி வருடத்தில் கணவரால் குனிய முடியவில்லை என்றார்.

வீட்டில் கோப்பி தந்தார். தனக்கு எண்பது ஆகப் போகிறது, அந்திக்குப் பிறகு எதிர் விளக்குகள் கண்ணைக் கூசுகின்றன, மற்றவர்கள் நிறுத்தச் சொல்லுமுன் தானே நிறுத்த விரும்புவதாகச் சொன்னார். பிறகு, நான் எதிர்பார்த்திருந்த கேள்வி வந்தது. குளிர்காலத்தில் கார் எங்கே நிற்கும்?

"கராஜ் இருக்கிறது" என்றேன்.

நன்று என்பது போலத் தலையசைத்தார். அதோடு காரியம் முடிந்திருக்கும். நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ஆனால் ஒன்றரை அடி காணாது" என்றேன்.

தம்பி மேலே கூரையைப் பார்த்தார். அம்மையார், அப்படியானால் முடியாது, மன்னிக்க வேண்டும் என்றார். குரலில் கோபம் இல்லை. கதவு வரை வந்து வழியனுப்பினார்.

தம்பியின் வேனில் திரும்பினோம். ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது அவர் கேட்டார்.

"ஏன் சொன்னீங்க?"

"தெரியாது."

"நான் உங்கள ஏசல்ல. எனக்கும் ஒண்டு சொல்ல வேணும். என்ட கடைக்குப் பின்னால, வேன் போற கதவோட ஒரு அறை இரிக்கி. பழைய சோபா முழுக்க அடைஞ்சி கிடக்கு. இவ்வளவு நாளும் நான் வாயத் திறக்கல்ல."

"ஏன்?"

"தைக்கலாம் தைக்கலாம் எண்டு ஆறு வருசமா வெச்சிரிக்கன். அதுகள எறிஞ்சா, நான் தைக்க மாட்டன் எண்டு எனக்கே தெரிஞ்சிடும், அண்ணன்."

விளக்கு பச்சையாயிற்று. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

அடுத்த சனிக்கிழமை பதினொரு சோபாக்களை வெளியேற்றினோம். ஒவ்வொன்றையும் தூக்குமுன் தம்பி அதன் துணியைத் தடவிப் பார்த்தார். இரண்டை மட்டும் தன் வீட்டுக்கு அனுப்பினார். கார் கிடைக்கும் என்று யாரும் உறுதி தந்திருக்கவில்லை. அதையே என் மனைவியும் சொன்னாள். "இல்லாத காருக்கு இடம் பாத்த ஆக்கள இண்டைக்குத்தான் காணுறன்" என்றவள், மத்தியானம் மகனிடம் சோறும் இறால் குழம்பும் கொடுத்தனுப்பினாள்.

நான் அம்மையாருக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னேன். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். மூன்றாம் நாள் அறிவிப்பின்றிக் கடைக்கு வந்தார், இந்தக் காரை ஓட்டிக்கொண்டே. அறைக்குள் நேராகக் காரை விட்டு, இறங்கி, முன்னும் பின்னும் நடந்து பார்த்தார். மூன்று அடி மிச்சம் இருந்தது. கூரையில் ஒழுக்கு உண்டா என்று தம்பியைக் கேட்டார். இல்லை என்றார் அவர். பிறகு அம்மையார் என்னிடம் சொன்னார்: "கார் உங்களுக்கு. ஆனால் உப்பு லொறிகள் வீதிக்கு வரும் வரை, வியாழக்கிழமைகளில் நான்தான் ஓட்டுவேன். பெயாரிங்கை உடனே மாற்றுங்கள்."

மாற்றினோம். பற்றுச்சீட்டு இக்கோவையில் உள்ளது.

புரட்டாதி மாத முதல் வியாழன். அன்று அவர் முந்திப் போக விரும்பவில்லை. ஆறு மணி கடந்து, எல்லாரும் வந்து கதிரை விரித்த பிறகு போவோம் என்றார். தம்பி முன்னால் இருந்தார். பின்னால் நானும் என் மனைவியும். அவள் இருக்கைத் துணியைக் கையால் இருமுறை தடவினாள். "நல்லாத்தான் கிடக்கு" என்றாள்.

தரிப்பிடத்துக்குள் நாங்கள் திரும்பியபோது கூட்டத்தார் பேச்சை நிறுத்தினார்கள். பச்சைக் கார் நகர்வதை அவர்கள் முதன்முறை காண்கிறார்கள். பிறகு, ஓட்டுகிறவர் யார் என்று கண்டார்கள். இரண்டு கார்களுக்கு நடுவில் வழக்கமான இடம் காலியாக விடப்பட்டிருந்தது. பேருந்து ஓட்டிய பெரியவர் ஓடிவந்து, கைகளை உயர்த்திப் பின்னால் வரும்படி சைகை காட்டத் தொடங்கினார். அம்மையார் கண்ணாடியை இறக்கி, அவரைத் தள்ளி நிற்கும்படி விரலால் காட்டினார். பிறகு ஒரே வளைவில், ஒருமுறையும் முன்னுக்கு எடுக்காமல், இரு பக்கமும் ஒரு முழ இடைவெளி விட்டு, காரைப் பின்புறமாக உள்ளே வைத்து நிறுத்தினார். கதிரைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரும் கை தட்டவில்லை. பெரியவர் தன் தொப்பியைக் கழற்றினார்.

அம்மையார் இறங்கி, தாமே பொனற்றைத் திறந்தார். முதலில் ஒருவர் வந்தார். பிறகு எல்லாரும் வந்தார்கள். அன்று மாலை அவர்கள் அவரிடம் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. நானும் என் மனைவியும் பின்னால் மடிப்புக் கதிரைகளில் அமர்ந்து, தேநீர் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த ஆண்டில் ஒன்பது வியாழக்கிழமைகள் அவர் ஓட்டினார். கார்த்திகையில் உப்பு லொறிகள் வந்த அன்று, கடையின் பின்னறையில் காரை நிறுத்தி, திறப்பை என் கையில் வைத்துவிட்டு, தம்பியின் வேனில் வீட்டுக்குப் போனார். அடுத்த கோடையில் ஓட்ட வரவில்லை. என் மனைவியை ஏற்றி நான் ஓடிய நாள்களைப் பற்றி எழுத வேண்டியதில்லை, அவை எங்களுடையவை.

ஐயா, அம்மணி, இக்கோவையில் எத்தனையோ கடதாசிகள் உள்ளன. பதிவுப் பத்திரம், திருத்த வேலைகளின் சீட்டுகள், அம்மையாரின் கணவர் கைப்பட எழுதிய குறிப்புகள். பழையவை எல்லாவற்றிலும் அந்தக் கணவரின் பெயரே இருக்கிறது. பின்னர் வந்தவற்றில் எனது பெயரும், இனி வருவனவற்றில் உங்களுடைய பெயரும் இருக்கும். நாற்பது ஆண்டுகள் இந்தக் காரை ஓட்டியவர் யார் என்பது வேறு எந்தக் கடதாசியிலும் இல்லை. ஆகவே, காரை யாருக்குக் கைமாற்றினாலும், இப்பக்கங்களை இக்கோவையிலிருந்து அகற்றாமல் பேணி வைக்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.